ஒரு கட்டம்

அம்சவள்ளிக்கு உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதுகூட தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பாள். பஸ்ஸில் இடம் காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கேட்டால் இறங்க வசதியாம்.

மரக்காணத்துக்கு மருமகளாக வந்த புதிதில், உப்பு பூத்துவிட்டதா என்று பார்க்கிற அவசரத்தில் பாத்திக்குள் காலை வைத்துவிட்டாள். அடிச்சேறு கலங்கி அந்தப் பாத்தி உப்பு முழுக்கக் கறுத்துப்போனது. உப்பு உறைகிறவரை பாத்தியை யாரும் தொடக் கூடாது, கரையில் நின்று பார்க்க வேண்டியதுதான் என்பது உப்பளத்தில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். "கரையில நில்லு!" என்று அவள் புருஷன் அர்ச்சுனன் போட்ட சத்தம் ரோடுவரைக்கும் கேட்டது. அன்றிலிருந்து அவள் எதில் அவசரப்பட்டாலும் யாராவது "கரையில நில்லு" என்று சொல்லிச் சிரிப்பார்கள். கேட்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்படிப்பட்டவள் செஸ் ஆட வந்ததற்கு மகள் சரண்யாதான் காரணம். மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்த வருஷம் பள்ளியில் கற்றுக்கொண்டு வந்த சரண்யா, எதிரில் உட்கார ஆள் கிடைக்காமல் அம்மாவைப் பிடித்து உட்காரவைத்தாள். மகளுக்குச் சீக்கிரமே அலுத்துவிட்டது. அம்மாவுக்குப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. உப்பு லாரி ஓட்டுகிற பஞ்சநாதன் நாலு பேரைச் சேர்த்து ஒரு டீம் அமைத்தபோது இவளும் அதில் ஒருத்தி. ஆட்டம் நன்றாகத்தான் வந்தது, பொறுமைதான் வரவில்லை. போன வருஷம் போட்டியில் ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தை அவசரப்பட்டுக் கோட்டை விட்டாள். அவளோடு சேர்ந்து டீமும் வெளியே வந்தது.

இந்த வருஷம் அவளைச் சேர்த்துக்கொள்வதாகவே இல்லை. டீமில் இருந்த ராஜ்கமலுக்குக் காய்ச்சல் வந்ததால் வேறு வழியில்லாமல் கூப்பிட்டார்கள். "யக்கா, சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க. இந்தத் தடவையும் அவசரப்பட்டீங்கன்னா, இனிமே டீம்ல உங்க பேரைப் போட மாட்டேன்" என்று பஞ்சநாதன் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டான். அவளுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. கிளம்பும்போதே மேற்கே வானம் மூடிக்கொண்டு இருந்தது. வாரிக் குவித்த உப்பு கரையில் திறந்து கிடந்தது. காற்றடிக்கிற நேரத்தில் தார்ப்பாய் போர்த்த ரெண்டு ஆள் வேண்டும்.

"மழ வந்தா ஓடியாந்துர்றேன்" என்றாள்.

"வராத. ஆட்டத்த முடிச்சிட்டு வா."

"தனியா எப்படிங்க முடியும்?"

"அத நான் பாத்துக்கிறேன். நீ கெளம்பு" என்றான் அர்ச்சுனன்.

கல்யாண மண்டபத்தில் போட்டி. எதிர் டீம் பெருமுக்கல். அவளுக்கு எதிரே உட்கார்ந்தவர் குழந்தைசாமி, மல்லாட்டைக் கடலை போடுகிற விவசாயி, நிதானமான மனிதர். "தங்கச்சி, மேச ஆடுதும்மா" என்று அவர் சொன்ன பிறகுதான் தன் கால் ஆடிக்கொண்டிருப்பதே அவளுக்குத் தெரிந்தது. காலை அடக்கினாள். உடனே விரல் தாளம் போட ஆரம்பித்தது.

ஆரம்பத்திலேயே யோசிக்காமல் ஒரு சிப்பாயைப் பறிகொடுத்தாள். குழந்தைசாமி மற்ற காய்களை எல்லாம் ஒவ்வொன்றாக வெட்டிக் குறைத்துக்கொண்டு வந்தார். கடைசியில் ராஜாக்களும் சில சிப்பாய்களும்தான் மிஞ்சின. அவருக்கு ஒரு சிப்பாய் அதிகம். நிதானமாக ஆடினால் ஜெயிப்பு அவருக்குத்தான். மற்ற மூன்று பேரின் ஆட்டமும் முடிந்து, இரண்டு டீமும் சமமாக நின்றன. இவள் ஜெயித்தால் மரக்காணம் டீம் விழுப்புரம் போகும். பஞ்சநாதன் தூணோரமாக வந்து நின்று, அவள் முகத்தைப் பார்க்காமல் பலகையைப் பார்த்தான்.

அப்போது முதல் இடி இடித்தது.

அம்சவள்ளிக்குக் கரையில் கிடக்கிற உப்புதான் நினைவுக்கு வந்தது. குழந்தைசாமிக்கோ முகமே மலர்ந்துவிட்டது. விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தவர் அவர். "வருதும்மா, வருது!" என்றார். அதுவரை ஊறப்போட்டு ஊறப்போட்டு ஆடிய மனிதர் மடமடவென்று நகர்த்த ஆரம்பித்தார். அதிகமாக இருந்த சிப்பாயைத் தனியாக விட்டுவிட்டு, நடுவில் நின்ற அவளுடைய சிப்பாயைத் தின்ன ராஜாவை ஓட்டிக்கொண்டு போனார். ஒரு நகர்த்தலைக் கணக்கில் விட்டுவிட்டார். அவள் ராஜா அந்தத் தனிச் சிப்பாயை வெட்டிவிட்டு, நடுவில் நின்றதைக் காப்பாற்றவும் வந்து சேர்ந்துவிட்டது.

நடுவில் இவள் சிப்பாயும் அவர் சிப்பாயும் முட்டிக்கொண்டு நின்றன. ஆளுக்கொரு பக்கம் ராஜா. எந்த ராஜா முதலில் நகர்கிறதோ அதன் சிப்பாய் போயிற்று, ஆட்டமும் போயிற்று. ராஜாவை நகர்த்தாமல் தள்ளிப்போட ஓரத்தில் ஆளுக்கொரு சிப்பாய் இருந்தது. இரண்டும் கிளம்பின இடத்திலேயே எதிரெதிரே நின்றன. குழந்தைசாமி தன்னுடையதை ஒரு கட்டம் தள்ளினார்.

இடி மறுபடி இடித்தது. தகரக் கூரையில் சடசடவென்று விழ ஆரம்பித்தது. உப்பு கரைகிறது என்று உடம்பெல்லாம் பதறியது அவளுக்கு. எதையாவது வைத்துவிட்டு ஓட வேண்டும். ஓரச் சிப்பாயை வெடுக்கென்று எடுத்தாள். முதல் நகர்த்தல், இரண்டு கட்டம் போகலாம். கை இரண்டாவது கட்டத்துக்கு மேலே போய்விட்டது. தூணோரம் பஞ்சநாதன் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தாள்.

கை அப்படியே அந்தரத்தில் நின்றது. தொட்ட காயை நகர்த்தித்தான் ஆக வேண்டும். ஆனால் விரலை எடுக்கிறவரை எந்தக் கட்டம் என்பது அவள் இஷ்டம்.

'கரையில நில்லுடி' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த வார்த்தையை அவளே சொல்லிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

இரண்டு வைத்தால் அவர் ஒன்று வைப்பார், வழி அடைபடும், நகர வேண்டியது என் ராஜா. ஒன்று வைத்தால்? அவர் ஒன்று, நான் ஒன்று. அப்புறம் நகர வேண்டியது அவர்.

சிப்பாயை ஒரு கட்டத்தில் வைத்தாள். அவர் ஒன்று தள்ளினார். இவளும் ஒன்று தள்ளினாள்.

குழந்தைசாமி பலகையைப் பார்த்தார். நகர்த்த ராஜாவைத் தவிர எதுவும் இல்லை. பிறகு ராஜாவைப் படுக்கவைத்துவிட்டுக் கை கொடுத்தார். "நம்ம அவசரம்தாம்மா கெடுத்துச்சு. போவுது, மழ வந்துச்சே!" என்று சிரித்தார். பஞ்சநாதன் "யக்கா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தபோது அவள் நாற்காலியில் இல்லை. டிவிஎஸ் வண்டியை முறுக்கிக்கொண்டு மழைக்குள் போய்விட்டாள்.

அளத்தில் காற்று ஆளைத் தள்ளியது. உப்புக் குவியலின் ஒரு பக்கத்துத் தார்ப்பாயைக் கல் வைத்து இறுக்கியிருந்தது. மறுபக்கத்தில் அர்ச்சுனன் கையைக் காலை விரித்து, குப்புற, தார்ப்பாய் மேலேயே படுத்துக் கிடந்தான். எழுந்தால் அது பறந்துவிடும். மழை தொடங்கியதிலிருந்து அப்படியேதான் கிடந்திருக்கிறான். உதடு நீலம் பாரித்து, பல் அடித்துக்கொண்டது.

"ஜெயிச்சியா?" என்றான் தலையை மட்டும் தூக்கி.

வண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள். "ஜெயிச்சிட்டேங்க."

"அப்ப எழுந்திருக்கட்டா?"

"அசையாதீங்க!" என்று அளமே கேட்கும்படி கத்தினாள் அம்சவள்ளி. "கல்லு கொண்டாறேன். அதுவரைக்கும் அப்படியே கெடங்க."

அர்ச்சுனன் முகத்தைத் தார்ப்பாயில் வைத்துக்கொண்டு, சொன்னபடி கிடந்தான்.