அண்ணியின் காலும் என் மகளின் தோளும்

என் மாமியார் வீட்டில் வைத்தியத்துக்குப் பஞ்சமே இல்லை. வீட்டுக்குள்ளேயே ஒருவர் இருந்தார், என் வீட்டுக்காரரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணி பிறக்கும்போது கால்தான் முதலில் வெளியே வந்ததாம். அப்படிப் பிறந்தவர்கள் காலால் நீவினால் சுளுக்குப் போய்விடும் என்று எங்கள் பக்கத்தில் நம்புவார்கள். பஸ் டிரைவர்கள், மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நிற்பார்கள். செங்கம் ரோட்டில் ரூம் எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர்கூட வந்தார். திரும்பும்போது நிமிர்ந்து நடந்து போனார். அதற்குப் பிறகு அண்ணியைக் கையில் பிடிக்க முடியவில்லை.

குழந்தைகளுக்கு உரம் விழுந்தாலும் அண்ணிதான். சரியாகத் தூக்கத் தெரியாமல் தூக்கி, கழுத்தோ தோளோ பிசகிக் குழந்தை வீறிட்டு அழுதால் அதற்குப் பேர் உரம். பழைய புடவையில் குழந்தையைக் கிடத்தி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து இப்படியும் அப்படியும் உருட்டுவார்கள். அழுகை நின்ற குழந்தைகளை நானே பார்த்திருக்கிறேன், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

என் வீட்டுக்காரர் இதற்கு நேர்மாறு. ஊசி போடாதவர் அவருக்கு டாக்டரே இல்லை. மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்த ஒரு டாக்டரை, "இவுருக்கு ஒண்ணும் தெரியாது" என்று தள்ளிவைத்தவர் அவர். நான் கீழ்பென்னாத்தூரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள், எந்தக் கட்சியிலும் இல்லை. யார் முதலில் கேட்டுவிட்டு அப்புறம் தொடுகிறார்களோ, அவர்களிடம்தான் என் பிள்ளையைக் கொடுப்பேன். அதுதான் என் கணக்கு.

எழுபதுகளின் நடுவில், என் பெரிய பெண் தவழ ஆரம்பித்திருந்த சமயம். ஒரு நாள் காலையில் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினேன், உயிர் போகிற மாதிரி அழுதாள். இடது கை அசையாமல் தொங்கியது. அண்ணி எட்டிப் பார்த்துவிட்டு உரம் என்றார். மறு பேச்சில்லை, புடவையை விரித்துவிட்டார்.

எனக்கு என்னவோ பொறுக்கவில்லை. அந்தத் தோளில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். உடம்பு ஒரு சூடு, தோள் ஒரு சூடு. பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கொடுக்க மாட்டேன் என்றேன்.

"நேத்து இந்த வூட்டுக்கு வந்தவ நீ. ஊரே என்கிட்ட வருது, உனக்கு மட்டும் என் கை ஆவாதா?"

"ஊரு வரட்டும் அண்ணி. இது என் புள்ள. தோளு கொதிக்குது. உருட்ட வுடமாட்டேன்."

அந்த வீட்டில் அண்ணியை எதிர்த்துப் பேசிய முதல் ஆள் நான்தான். என் வீட்டுக்காரர் அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடைசியில், எலும்பு கட்டுகிற வைத்தியரிடம் காட்டலாம், அது உங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருக்கும் என்றார். பொதுவாம்! பஞ்சாயத்தா நடக்கிறது என்று கத்தத் தோன்றியது. ஆனாலும் போனேன்.

வைத்தியர் உடனே கட்டுத்துணியைக் கையில் எடுக்கவில்லை. விழுந்தாளா, எப்போதிருந்து அழுகிறாள், பால் குடித்தாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்புறம்தான் புறங்கையைத் தோளில் வைத்தார்.

"எலும்பு இல்லம்மா இது. உள்ள சீழ் வெச்சிருக்கும்போல. நான் கை வெச்சா கெட்டுப்பூடும். நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போங்க."

தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த மனுஷனை இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுவேன்.

ஆஸ்பத்திரி டாக்டர் தோள் மூட்டிலிருந்து சீழை எடுத்தார். எடுத்துவிட்டு, யாராவது நீவினீர்களா, உருட்டினீர்களா என்று கேட்டார். யாரையும் தொட விடவில்லை என்றேன். நல்லவேளை, உருட்டியிருந்தால் மூட்டே போயிருக்கும் என்றார். அதைச் சொல்லும்போது என் பின்னால் கஞ்சித் தூக்கோடு அண்ணி நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பிள்ளை பிழைத்துவிட்டாள். கை மட்டும் முழுக்க மேலே போகுமா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. பிடித்து இழுக்கக் கூடாது, அவளாகத் தூக்க வேண்டும், வளர வளரத்தான் தெரியும் என்றார். நாள் முழுக்க ஊசி போட்டாலும் வேலைக்கு ஆகாத இடம் அது. என் வீட்டுக்காரரின் ஊசி நம்பிக்கை அங்கே பலிக்கவில்லை.

அங்கேதான் அண்ணி இறங்கினார். துணி காயப்போடுகிற கொடியில் நூல் கட்டி ஒரு முறுக்கைத் தொங்கவிடுவார். பிள்ளையின் வலது கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, "எட்டிப் புடி கண்ணு" என்பார். அவள் எட்டிவிட்டால் மறுநாள் நூல் கொஞ்சம் குட்டையாகும். தினமும் இதுதான். சட்டை போடும்போது இடது கை காது வரைக்கும் வந்து நின்றுவிடும். அண்ணி அசரவே இல்லை. இன்னொன்றும் நடந்தது. உரம் என்று யார் பிள்ளையைக் கொண்டுவந்தாலும், முதலில் தோளில் புறங்கையை வைத்துப் பார்க்க ஆரம்பித்தார். சுட்டால் புடவையைத் தொட மாட்டார், ஆஸ்பத்திரிக்கு விரட்டுவார். அவ்வளவு பேர் வாங்கியவர் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்வது லேசா? என் அண்ணி என்று சொல்லிக்கொள்ள எனக்குப் பெருமைதான்.

மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு வந்த கார்த்திகை தீபம். மொட்டை மாடியில் எல்லோரும் மலை உச்சியைப் பார்த்து நின்றோம். தீபம் தெரிந்ததும் ஊரே "அரோகரா" என்றது. அத்தனை பேர் கைகளும் தலைக்கு மேல் குவிந்தன. நான் மலையைப் பார்க்கவில்லை. பக்கத்தில் என் மகள் இரண்டு கைகளையும் தூக்கினாள். இடது கை காதைத் தாண்டி, வலது கைக்குச் சமமாக மேலே போய், தலைக்கு மேல் அதோடு குவிந்து நின்றது.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். அண்ணியும் மலையைப் பார்க்கவில்லை.