ஓட்டுபவர் பக்கம் கடல்

“கார்த்திகை, இரண்டாம் செவ்வாய். காலையில் எட்டுப் போட்டாள். முதல் முறையிலேயே தேறினாள். மாலை மழை.”

என் நாட்குறிப்பில் இருக்கும் வரி இது. ஓட்டுநர் உரிமத் தேர்வில் எட்டுப் போட்டது என் மனைவி. அப்போது அவள் நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தாள். ஓசூர் சிப்காட்டில் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் லைன் சூப்பர்வைசர். எனக்கு ஒரு கண்ணில் பார்வை குறைவு. வண்டி ஓட்டுவது எனக்கு இல்லை என்று இளவயதிலேயே தீர்ந்துவிட்டது. எங்கள் வீட்டுக்குக் கார் வந்ததே அவள் உரிமம் வாங்கிய பிறகுதான்.

இந்த வருடம் கிறிஸ்துமஸ் முடிந்ததும் அவள் கம்பெனி பராமரிப்புக்காக மூடப்படுகிறது. அந்த விடுமுறையில் கர்நாடகக் கடற்கரை முழுவதையும் காரிலேயே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தோம். முழுத் தூரத்தையும் தானே ஓட்ட வேண்டும் என்பது அவள் ஆசை. திட்டம் போடுவது என் வேலை. பழைய துறைமுகங்கள், மிளகு ஏற்றிய கப்பல்கள், ஆறுகள் கடலில் சேரும் இடங்கள் என்று நூலகத்தில் அகப்பட்டதையெல்லாம் படித்தேன். சகலேஷ்பூர் வழியாக மலை இறங்கி மங்களூர், அங்கிருந்து உடுப்பி, குந்தாபுரா, கோகர்ணா, கடைசியில் கார்வார். ஊருக்கு ஒரு பக்கம் வீதம் எழுதி, தைத்து, அட்டை போட்டு வைத்தேன். அவள் அதைத் திறக்கவில்லை.

“ஓட்டறது யாருன்னு மொதல்ல முடிவாகட்டும். அப்பறம் பாக்கறன்.”

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் அவளுடைய அண்ணன். ஊத்தங்கரையில் இருக்கிறார். செய்தி கேட்ட ஞாயிறே பூசை முடிந்த கையோடு வந்துவிட்டார்.

“மாப்ள, ஆக்டிங் டிரைவர் ஒருத்தர்கிட்ட சொல்லி வச்சிட்டன். கன்னடம் நல்லா வரும்” என்றார் என்னைப் பார்த்து.

“எனக்கும் வரும்ண்ணா. லைன்ல பாதிப் பேருகிட்ட அதான பேசறன்” என்றாள் அவள்.

“பேச வரும். மலை எறங்க வருமா? சிப்காட்டு ரோடுன்னு நெனச்சியா?”

“அஞ்செட்டி ரோட்ல டிரையல் பாத்துரலாம். நீயும் வா.”

“நான் எதுக்கு?”

“லோடு இல்லாம எடுத்த டிரையல எங்க லைன்ல ஒத்துக்க மாட்டோம்.”

“ஏய், நான் லோடா?”

“நாலு பெட்டி ஏத்தறதுக்கு நீ ஒருத்தன் ஏறுனா போதும்.”

அப்படிச் சொன்னாளே தவிர, பெட்டிகளையும் விடவில்லை. பயணத்தில் என்னென்ன இருக்குமோ அத்தனையும் ஏற்றினாள். துணி அடுக்கிய பெட்டிகள், தண்ணீர் கேன், ஸ்டெப்னியை மறைக்கும் அளவுக்குச் சாமான். தேன்கனிக்கோட்டை தாண்டியதும் காடு வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த அண்ணன் பேச்சைக் குறைத்துக்கொண்டார். இறக்கத்தில் ஒவ்வொரு வளைவுக்கும் அவர் கால் தரையை அழுத்துவது என் சீட்டின் முதுகில் தெரிந்தது. அங்கே அவருக்கு பிரேக் இல்லை.

ஒரு வளைவில் ஏறிவரும் பஸ் எதிர்ப்பட்டது. அவள் நிறுத்தி, கண்ணாடி பார்த்து, மேட்டில் பின்னால் ஏற்றி ஒதுங்கினாள். பஸ் டிரைவர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். அந்தக் கை என் மனைவிக்காகத் தூக்கப்பட்டது. பக்கத்து சீட்டில் நான்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அஞ்செட்டியில் டீ குடித்துவிட்டுத் திரும்பி ஏறும்போதுதான் உண்மையான சோதனை. முன்னால் போன லாரி செங்குத்தான இடத்தில் நின்றுவிட்டது. நாங்களும் நின்றோம், பின்னால் ஒரு ஜீப் ஒட்டி நின்றது. அண்ணன் கழுத்தைத் திருப்பி ஜீப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். லாரி நகர்ந்தது. ஹேண்ட் பிரேக்கைப் பிடித்தபடி கிளட்சை மெல்ல விட்டாள். வண்டி முன்னால்தான் போனது, பின்னால் ஒரு விரற்கடைகூட வழுக்கவில்லை.

மேடு ஏறி முடிந்ததும் அண்ணன் கைபேசியை எடுத்தார். “தம்பி, வேணாம்பா... வண்டியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வீட்லயே டிரைவர் இருக்கறாங்க” என்றார். பிறகு தங்கையிடம், “லோடு எறங்கிக்கலாமா?” என்று கேட்டார். அவள் சிரித்தாள், கண் மட்டும் சாலையில் இருந்தது.

என் வாழ்க்கையில் பெருமைப்பட்ட நாட்கள் அதிகமில்லை. அன்றைய பக்கத்தில் “தேறினாள்” என்று எழுதி அடிக்கோடிட்டேன். நான் பொதுவாக அடிக்கோடிடுவதில்லை.

மறுநாள் திட்டத்தைத் திறந்தவள் நான்கைந்து பக்கம் புரட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

“ஏங்க, எல்லாப் பக்கத்துலயும் கடல் இடப்பக்கம்னே எழுதியிருக்கீங்க?”

“தெற்கேர்ந்து வடக்க போறம்ல. அப்படித்தான் வரும்.”

“இடப்பக்கம் நீங்க ஒக்காருவீங்க. நான் எதப் பாக்கறது? லாரி பின்னாடி எழுதியிருக்கறதயா?”

ஓய்வு பெறும்வரை கம்பெனி பஸ்ஸில் போய் வந்தவன் நான். ஜன்னலோரம் பிடித்தவனுக்குத்தான் காட்சி. பஸ் டிரைவருக்கு என்ன தெரிகிறது என்று எங்களில் ஒருவரும் நினைத்ததில்லை. அவள் ஓட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டே, கூலிக்கு யாரோ ஓட்டுவதுபோல் திட்டம் போட்டிருக்கிறேன்.

“திருப்பிப் போடுங்க” என்றாள்.

தையலைப் பிரித்துப் பக்கங்களை மாற்றி அடுக்கினேன். இப்போது தும்கூர் வழியாக ஹுப்பள்ளி. முதல் நாள் தங்கல் அங்கே. மறுநாள் கார்வார். அங்கிருந்து தெற்கு நோக்கி இறங்கினால் கடல் வலப்பக்கம், ஓட்டுபவர் பக்கம்.

ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. குந்தாபுராவுக்குச் சற்று வடக்கே மரவந்தேயில் மேற்கே கடல், கிழக்கே ஆறு, நடுவில் நெடுஞ்சாலை. இப்போது அது போக ஒரு பாதி, வர ஒரு பாதி என்று நடுவில் பிரித்த அகலச் சாலை. தெற்கே வருபவருக்கு உள்ள பாதி ஆற்றை ஒட்டியது. கடலுக்கும் அவளுக்கும் நடுவில் எதிர்ப்பாதியும் அதில் வரும் லாரிகளும் இருக்கும். நான் பார்த்த படங்கள் எல்லாமே கடலோரப் பாதியில் நின்று எடுத்தவை. குந்தாபுராவில் அறை பதிவு செய்த விடுதியில் கேட்டேன். “நன்றாகவே தெரியும்” என்றார்கள்; அறை எடுப்பவர்களிடம் வேறு மாதிரி சொல்ல மாட்டார்கள். மரவந்தேயில் தெற்கு நோக்கி ஓட்டுபவருக்கு இருக்கையிலிருந்தே கடல் தெரியும் என்பது, இதை எழுதும் இன்றுவரை, சரிபார்க்கப்படாத தகவல்.