சின்னப் படத்தில் உட்கார்ந்திருந்தவள்

போன வருஷம் மழை ஓய்ந்து பனி தொடங்கியிருந்த சமயம். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருக்கும் சின்ன ஆபீசில் பெருக்கித் துடைத்து, டீ போட்டுக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். வீடு வேப்பம்பட்டில். காலையில் மின்சார ரயிலில் நின்றுகொண்டே வருவேன், சாயங்காலம் நின்றுகொண்டே போவேன்.

ஆபீசில் இரண்டே பேர். படம் வரைகிற ஒரு பெண், தெற்கத்திக்காரி. கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுகிற ஒரு தம்பி. பெரிய கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து வீடியோ கேம் செய்துகொண்டிருந்தார்கள். கேம் என்றால் சுடுவது, வெட்டுவது என்றுதான் நினைத்திருந்தேன். இவர்கள் செய்ததில் அதெல்லாம் கிடையாது. வேலை முடிந்த ஒரு பெண் மின்சார ரயிலில் வீடு போய்ச் சேர வேண்டும். வழியில் உட்கார ஓர் இடம் கிடைக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தினமும் நான் விளையாடுவதுதானே! ஆனால் வாயைத் திறந்து சொல்லவில்லை. எனக்கு யார் முன்னாலும் சட்டென்று பேச வராது.

கேம் முடிந்துவிட்டது. அதன் முகப்புப் படம்தான் முடியவில்லை. கேம் விற்கிற கடை இன்டர்நெட்டில் இருக்கிறதாம். அங்கே எல்லாக் கேம்களின் படமும் வரிசை வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றும் தபால் தலை அளவு. வருகிறவர்கள் விரலால் தள்ளிக்கொண்டே போவார்களாம். அந்தச் சின்னப் படத்தில் விரல் நின்றால் உண்டு. இல்லாவிட்டால் உள்ளே எவ்வளவு உழைத்து வைத்திருந்தாலும் யாருக்கும் தெரியாது. பொங்கலுக்குள் கடையில் போட்டாக வேண்டும், இது விலை போகாவிட்டால் ஆபீசை மூடிவிட்டுப் பழைய வேலைக்கே போக வேண்டியதுதான் என்று அவர்கள் பேசிக்கொள்வார்கள். ஆபீசை மூடினால் எனக்கும் வேலை இல்லை. கூட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன்.

அந்தப் பெண் ஒரு வழி வைத்திருந்தாள். வரைந்த படத்தைப் போனில் மற்ற கேம் படங்களுக்கு நடுவில் சின்னதாகப் போட்டு, யார் வந்தாலும் கையில் கொடுப்பாள். ஒரு நொடி பார்த்ததும் பிடுங்கிக்கொண்டு, "என்ன தெரிஞ்சுது?" என்று கேட்பாள். தண்ணீர் கேன் போடுகிறவர், கூரியர்காரர் ஒருவரையும் விடமாட்டாள். ரயில், கூட்டம், பூக்காரி, மழை, விளக்கு என்று எல்லாவற்றையும் ஒரே படத்தில் வரைந்திருந்தாள். பெரிய திரையில் பார்த்தால் கண் கொள்ளாது. போனில் பார்த்தால் ஒன்றும் விளங்காது. கீழே இருக்கிற வாட்ச்மேன் ஒருநாள் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, உப்புமாவ கிண்டி போன்ல வெச்சிகினு கீறீங்க?" என்றார். அந்தத் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

என்னிடம் கேட்டால் மட்டும் எப்போதும் ஒரே பதில்தான். "நல்லாகீதும்மா." வேறு சொல்ல எனக்கு வாய் வராது. கொஞ்ச நாளில் என்னைக் கேட்பதையே விட்டுவிட்டாள்.

கடைசியில் தம்பியே சலித்துப்போய், "ஓரத்துல ஒருத்தன அருவாளோட நிக்க வெச்சிடலாமா? எல்லாரும் நின்னு பாப்பாங்க" என்றான்.

"நம்ம கேம்ல அருவாள் எங்கடா இருக்கு? அதை நம்பி வாங்குறவன் அஞ்சு நிமிஷத்துல நம்மளத் திட்டிட்டுப் போயிருவான்" என்றாள் அவள். அதற்கு மேல் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. ஆபீசே துக்க வீடு மாதிரி ஆகிவிட்டது.

அந்த வாரத்தில் ஒரு மத்தியானம் இருவரும் சாப்பிடப் போயிருந்தார்கள். தரையைத் துடைத்து முடித்தேன். கால் நரம்பு சுண்டி இழுத்தது. சுவரோரமாகச் செருப்பை உதறிவிட்டு, காலை நீட்டி, ஒயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண் அசந்துவிட்டது. விழித்தபோது அந்தப் பெண் வந்து தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அலறியடித்து எழுந்து டம்ளர் கழுவப் போனேன்.

மறுநாள் காலையில் உள்ளே நுழைந்தால், பெரிய திரை முழுக்க நான். அதே சுவர், அதே நீட்டிய கால், கவிழ்ந்து கிடக்கும் ஒற்றைச் செருப்பு, மடியில் என் சிவப்பு வெள்ளை ஒயர் கூடை.

இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதற்கு முன் பூந்தமல்லி பக்கம் ஒரு துணிக் கம்பெனியில் வேலை பார்த்தேன். அங்கே சுற்றிலும் கேமரா. ஒருநாள் மூட்டைகளுக்கு நடுவில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டேன். சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு, எல்லாரும் நிற்கும்போதே நான் உட்கார்ந்திருந்ததை டிவியில் காட்டி, "உக்கார்றதுக்கா உனக்கு சம்பளம்?" என்று கேட்டார். அன்றைக்கே அனுப்பிவிட்டார். அந்த டிவியில் தெரிந்த என் உருவம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆகவே இதுவும் அதுதான் என்று நினைத்துவிட்டேன். இவர்கள் சொல்லி அனுப்புவதற்கு முன் நாமே போய்விடுவது மேல் என்று துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு இறங்கினேன். "இன்னா ஆயா, இப்பத்தான மேல போன?" என்று வாட்ச்மேன் கேட்டார். தலைவலி என்றேன். அதற்கப்புறம் வேலைக்குப் போகவில்லை. போன் அடித்தது. எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் வந்து நிற்கிறாள். வாட்ச்மேனிடம் வழி கேட்டு வந்திருக்கிறாள். வீட்டில் நாற்காலி இல்லையே என்று நான் தடுமாறுவதற்குள் செருப்பை உதறிவிட்டு வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

"ரயில்ல உக்கார எடமே இல்லம்மா. கேம்ல நான் வச்ச கூட்டம் ரொம்பக் கம்மி" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடவே அழுகையும் வந்தது. அந்தப் படத்தைப் பற்றியும், பூந்தமல்லி டிவியைப் பற்றியும் எப்படியோ சொல்லிவிட்டேன். என் வீட்டு ஆட்களிடம்கூட அதுவரை சொன்னதில்லை.

அவள் நீட்டிய காலை மடக்கிக்கொண்டாள். "ஐயோ, உங்களக் கேக்காம வரைஞ்சது என் தப்புதான். நீங்க வேணாம்னா இப்பவே அழிச்சிருதேன். கடையில போடல இன்னும்" என்றாள். அப்புறம், "ஒரே ஒரு தடவ மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்று போனைக் கையில் கொடுத்தாள்.

வழக்கமான வரிசைதான். நெருப்பு, கத்தி, பல்லைக் காட்டுகிற பேய், எல்லாம் கசகசவென்று. நடுவில் ஒரு மஞ்சள் சுவர். அதில் ரயிலும் இல்லை, கூட்டமும் இல்லை. தலை குனிந்த ஒருத்தி மட்டும். முகம் தெரியவில்லை. கீழே கேமின் பேர், தடித்த எழுத்தில். அவள் போனை வாங்கிக்கொண்டாள்.

"என்ன தெரிஞ்சுதும்மா?"

நல்லாகீது என்று சொல்ல மறந்துபோனேன். அது நான்தான் என்பதும் அந்த நேரம் மறந்துபோனது. "பாவம், ரொம்ப நேரம் நின்னுகினு இருந்தவ. இப்பதான் உக்காந்துகீறா" என்றேன்.

அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். "கேம் முழுக்க அவ்வளவுதாம்மா. அதைச் சொல்லத்தான் ரயிலு, மழைன்னு எல்லாத்தையும் வரைஞ்சு பாத்தேன்."

பிறகு மறுபடியும் அதையே கேட்டாள். போடட்டுமா, அழிக்கட்டுமா? அவளுக்கு இதை விட்டால் வேறு படம் கிடையாது என்று எனக்குத் தெரியும். அவள் அதைச் சொல்லவில்லை. என்னைக் கெஞ்சவும் இல்லை.

"கவுந்து கிடக்கிற செருப்ப மட்டும் நேரா வெச்சிடு. பாக்கறவங்க இன்னா நினைப்பாங்க?" என்றேன்.

"அது நேரா இருந்தா நீங்க களைச்சுப்போனது தெரியாதேம்மா" என்றாள்.

யோசித்தேன். அதுவும் சரிதான். "அப்ப இருக்கட்டும்" என்றேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். பொங்கலுக்கு முன்னால் படத்தைக் கடையில் போட்டார்கள். ஆபீசை இன்னும் மூடவில்லை, அது மட்டும் எனக்குத் தெரியும். "ஆயா, உன் செருப்பு அமெரிக்கா வரிக்கும் போய்ட்ச்சி, நீ இன்னும் அம்பத்தூரயே தாண்டல" என்று வாட்ச்மேன் இன்றைக்கும் கிண்டல் செய்வார்.

கால்வலி அப்படியேதான் இருக்கிறது. ரயிலில் இடமும் கிடைப்பதில்லை. மத்தியானம் துடைத்து முடித்ததும் அதே சுவரோரம் கொஞ்சம் உட்காருகிறேன், யார் வந்தாலும் பதறி எழுவதில்லை. பிறகு நானாகவே எழுந்து டம்ளர் கழுவப் போகும்போது அந்தத் தபால் தலை அளவுப் படத்தை நினைத்துக்கொள்வேன். நான் எழுந்துவிட்டாலும் அங்கே அவள் இன்னும் உட்கார்ந்துதானே இருக்கிறாள் என்ற நினைப்பே என் காலுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுப்பது போலிருக்கிறது.