மலை உச்சிக்கு ஒரு வியாழக்கிழமை

நியூ ஜெர்சியின் பிஸ்கட்டவேயில் பனி கொட்டப்போகிறது என்று டிவிக்காரன் தலைகீழாக நின்று சொன்னாலும் அந்தத் தெருவில் யாரும் நம்பமாட்டார்கள். சேனாபதி சொன்னால்தான் நம்புவார்கள். "அங்கிள், நாளைக்கு ஸ்கூல் க்ளோஸ் பண்ணுவாங்களா?" என்று எதிர்வீட்டு ஷ்யாமளா கேட்பாள். இவர் வாசலில் நின்று வானத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ரெண்டு மணி நேரம் லேட்டா திறப்பாங்கம்மா, அவ்ளோதான்" என்பார். அப்படியேதான் நடக்கும். ஆவடியில் பிறந்து வேர்வையில் வளர்ந்த மனுஷனுக்கு இந்த வித்தை எப்படி வந்தது என்றால், அது ஜப்பான் சமாசாரம்.

முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அங்கே கமியுகி என்ற பனிச்சறுக்கு மலையில் கேபிள் காரின் மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. கூடவே இன்னொரு வேலையும் தலையில் விழுந்தது. காலை ஆறு மணிக்கு அன்றைய பனி நிலவரத்தை வெளிநாட்டுக்காரர்களுக்காக இங்கிலீஷில் பலகையில் எழுதவேண்டும். நேற்றிலிருந்து விழுந்த புதுப்பனி எவ்வளவு, மொத்தம் எவ்வளவு ஆழம், உச்சியில் எவ்வளவு குளிர், காற்று எவ்வளவு. வந்தவர்கள் எல்லாரும் புதுப்பனியை மட்டும் பார்த்துவிட்டு ஆஹா ஓஹோ என்று குதிப்பார்கள். சேனாபதிக்குச் சிரிப்பு வரும். பத்து டிகிரி மைனஸில் விழுந்தால் அது கோலமாவு. பூஜ்யத்தை ஒட்டி விழுந்தால் இட்லிமாவு, காலை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். எந்தப் பனியானாலும் காற்று வலுத்தால் கேபிள் கார் நின்றுவிடும், கீழேயே உட்கார்ந்து காபி குடிக்க வேண்டியதுதான்.

அந்த மலையடிவாரத்தில் இரண்டு அறை குவார்ட்டர்ஸில்தான் பவளம் புதுப்பெண்ணாக வந்து குடித்தனம் பண்ணினாள். அவளுக்குத் தெரிந்த பனி வேறு. கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் பனி, வாளியால் அள்ளி எறிய வேண்டிய பனி, துவைத்த வேட்டியை அப்பளமாக்கும் பனி. சேனாபதி ராத்திரி சாப்பிடும்போது உச்சியின் கதையைச் சொல்வார். மேகம் விலகிய நாளில் அங்கிருந்து கடல் தெரியுமாம். இந்தப் பனியெல்லாம் அந்தக் கடலிலிருந்து காற்று அள்ளிக்கொண்டு வந்ததுதானாம். "என்னையும் ஒருநாள் கூட்டிட்டுப் போங்களேன்" என்பாள் பவளம். மேகம் விலகும் நாளில்தான் கூட்டம் அலைமோதும், அவரால் மோட்டாரை விட்டு நகர முடியாது. "இன்னொரு நாள் பார்க்கலாம்" என்பார். நாலு பனிக்காலம் இப்படியே போயிற்று. நாலாவதில் அவள் கேட்பதையே விட்டுவிட்டாள்.

அப்புறம் நியூ ஜெர்சி வந்தார்கள். மருந்து கம்பெனி வேலை, மகள் ப்ரியம்வதா, அவள் படிப்பு, கல்யாணம், பேத்தி. காலம் கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே போனது.

இந்த பிப்ரவரி லீவுக்கு ப்ரியாவும் மாப்பிள்ளை க்ரிஷும் கமியுகிக்கே போகலாம் என்று டிக்கெட் போட்டார்கள். "அம்மா, அங்க உனக்கு என்ன பார்க்கணும்?" என்று மகள் கேட்டதற்குப் பவளம் யோசிக்கவே இல்லை. "உங்கப்பா எனக்குக் காட்டாத கடல் ஒண்ணு இருக்குடி. இந்தத் தடவை விட்டா, அவ்ளோ தூரம் ஏறி எறங்க இனிமே என் உடம்பு தாங்காது." சேனாபதிக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷம் இதை மனசிலேயே வைத்திருந்தாளா பாவி மனுஷி!

ஆனால் விதியைப் பாருங்கள், கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது அவருக்கு முழங்கால் ஆபரேஷன். ப்ளேனில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "நீ போ பவளம். எந்த நாள் மேல போகணும்னு நான் இங்கேர்ந்து கரெக்டா சொல்றேன்" என்று வாக்குக் கொடுத்து அனுப்பினார்.

கமியுகியின் ஜப்பானிய இணையப் பக்கத்தில் அன்றைக்கும் மறுநாளைக்குமான நிலவரம்தான் இருக்கும். அதற்கு மேல் பார்க்க, க்ரிஷ் அவர் ஃபோனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்திருந்தான். அதில் வியாழக்கிழமைக்கு நேராகச் சூரியன் பளபளவென்று சிரித்தது. "வியாழக்கிழமை போங்க, கண்ணாடி மாதிரி இருக்கும்" என்றார் சேனாபதி. புதன்கிழமையும் மலை தெளிவாகத்தான் இருந்தது. அவர் பேச்சை நம்பி அன்றைக்குப் பேத்தியை ஸ்கீ வகுப்புக்குக் கூட்டிப் போய்விட்டார்கள்.

யானைக்கும் அடி சறுக்கும். வியாழக்கிழமை காலை அங்கே எதிரில் நிற்கும் ஆள் தெரியாத பனிப்புயல். இங்கே புதன்கிழமை சாயந்திரம் ஏழு மணிக்கு ப்ரியா கூப்பிட்டாள்.

"அப்பா, கேபிள் காரை நிறுத்திட்டாங்க. இன்னிக்கு ஃபுல்லா ஓடாதாம். நாளைக்குப் பத்து மணிக்கு எங்களுக்கு டோக்கியோ பஸ்."

"அம்மா என்ன பண்றா?"

"ஜன்னல்கிட்ட உட்கார்ந்திருக்கா."

சேனாபதி ஆப்பை மறுபடி திறந்து மணிவாரியாகப் பார்த்தார். சூரியன் வியாழக்கிழமை சாயந்திரம் ஆறிலிருந்து பத்து வரை காய்ந்துகொண்டிருந்தது. சாயந்திரம் ஆறு மணிக்கு ஏதுய்யா வெயில்? அப்போதுதான் பளிச்சென்று உறைத்தது. ஆப் காட்டியது கமியுகியின் வானத்தைத்தான், ஆனால் பிஸ்கட்டவே கடிகாரத்தின் வியாழக்கிழமையில்! இங்கே வியாழக்கிழமை சாயந்திரம் ஆறென்றால் அங்கே வெள்ளிக்கிழமை காலை எட்டு. தினமும் பதினாலு மணி நேரத்தைக் கூட்டிக்கூட்டிப் பெண்டாட்டிக்கு ஃபோன் போடுகிற மனுஷன், ஆப்பைப் பார்க்கும்போது மட்டும் கூட்ட மறந்துவிட்டார்.

"தப்பு என்னுதுதான்மா. நாளைக் காலைல க்ளியர் ஆயிடும். எட்டு மணிக்கே பெட்டியோட போய் க்யூல நில்லுங்க."

க்ரிஷ் ஃபோனை வாங்கினான். "மாமா, ரிஸ்க் மாமா. பஸ்ஸ விட்டா ஃப்ளைட்டும் போயிடும்."

"பன்னெண்டரைக்கு இன்னொரு பஸ் இருக்கு மாப்பிள்ளை, இப்பதான் செக் பண்ணேன். ஏர்போர்ட்டுக்கு ஓடணும், ஆனா புடிச்சிடலாம். எனக்காகப் பண்ணுங்க."

மறுநாள் சாயந்திரம் நாலு மணிக்கு, அங்கே காலை ஆறு, கமியுகியின் நிலவரம் வந்தது. புதுப்பனி நாற்பத்தைந்து சென்டிமீட்டர், உச்சியில் மைனஸ் பதினொன்று. அவர் கண் நேராகக் காற்றுக்குத்தான் போனது. விநாடிக்கு நாலு மீட்டர். "ஓடும்!" என்று ஆளில்லாத வீட்டில் கத்தினார். ஆனால் புயலுக்கு மறுநாள் கம்பியில் ஒட்டிய ஐஸைத் தட்டிவிட்டுத்தான் வண்டியை விடுவார்கள், அந்த நேரம் யார் கையிலும் இல்லை. அங்கே எட்டரைக்கு ஓடவில்லை. ஒன்பதுக்கும் ஓடவில்லை. காலை நீட்டிப்போட்டு, ஐஸ் பையை முழங்காலில் வைத்துக்கொண்டு, சேனாபதி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒன்பது இருபதுக்கு "opened" என்று ப்ரியாவின் மெசேஜ் வந்தது.

கால்மணி நேரத்தில் வீடியோ கால். பவளம்தான். குல்லாவுக்குள் முகம் சின்னதாகி, மூக்கு சிவந்திருந்தது. அவளுக்குப் பின்னால் ஒரே நீலவானம்.

"தெரியுதா பவளம்? கடல் தெரியுதா?"

அவள் அவரைப் பார்க்கவில்லை. வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியுது" என்றாள். அப்புறம் கேட்டாள்: "ஏங்க, நாலு வருஷம் இதை நீங்க மட்டும் பார்த்துட்டு வந்தீங்களா?"

கூட்டத்தையும் மோட்டாரையும் சொல்லலாம்தான். ஆனால் சேனாபதி, "ஆமா பவளம்" என்றார். கண் நிறைந்துவிட்டது.

"சரி, ஃபோனை வைங்க. நான் கொஞ்ச நேரம் பார்க்கணும்."

வைத்துவிட்டாள். கடலை அவருக்குக் காட்டவுமில்லை.

கொஞ்ச நேரத்தில் ப்ரியா கூப்பிட்டாள். "அப்பா, அம்மா எறங்க மாட்டேங்கறா. பத்து மணி பஸ் போனா போகட்டும்ங்கறா. க்ரிஷ் டென்ஷன் ஆகறார். நீங்களாவது அம்மாகிட்ட சொல்லுங்க."

"நான் சொல்லமாட்டேன்மா" என்றார் சேனாபதி. "அவ பார்க்கற வரைக்கும் பார்க்கட்டும்."