துரை வீட்டு நாய்க்குப் போட்ட ஊசி

என் மச்சான், அதாவது அக்காவின் புருஷன், எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரையின் பங்களாவில் பூந்தோட்ட வேலை பார்த்தவர். துரையின் கிழட்டு நாய் எழுந்து நிற்கவே முடியாமல் போனபோது, பதுளையிலிருந்து மிருக வைத்தியர் வந்து ஊசி ஒன்று போட்டார். துரையின் மடியில் தலையை வைத்தபடி அது கண்ணை மூடியது. ரோஜாச் செடிகளுக்குப் பக்கத்தில் குழி வெட்டிப் புதைத்தவர் மச்சான்தான். அன்று நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்கு வந்து, நாயாகப் பிறந்தாலும் பங்களாவில் பிறக்க வேண்டும் என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். நான் சிரிக்கக் காரணம் எல்லாம் தேவையில்லை.

பிறகு மச்சானுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. புற்றுநோய் என்று கதிர்வீச்சுக் கரண்ட் பிடித்தார்கள். கட்டி சுருங்கியது, மறுபடியும் வளர்ந்தது. தண்ணீர்கூட இறங்காமல் பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒருநாள் நான் பார்க்கப் போனபோது கையைப் பிடித்து இழுத்து, காற்றுப் போன்ற குரலில் சொன்னார்.

"தொரை நாய்க்குப் போட்டாங்களே, அத எனக்கும் போடச் சொல்லு மாப்ள. ஒனக்குத்தான் வெக்கமே கெடையாதே, நீ கேளு."

படித்தவர்கள் கேட்கத் தயங்கும் வேலையெல்லாம் என்னிடம்தான் வரும். இரண்டாம் வகுப்பிலேயே பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டது. டொக்டரிடம் எப்படிப் பேசுவது என்று வார்டு வாசலில் நின்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், மெலிந்த மனிதர். அவர் முன்னால் நின்றதும் மனப்பாடம் செய்ததெல்லாம் பறந்துவிட்டது. "ஐயா, நாய் ஊசி..." என்றேன். நாய்க்கடி ஊசி போடும் இடம் வேறு என்று அவர் கையைக் காட்டினார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு உட்காரச் சொன்னார். முழுக் கதையையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

சில நாடுகளில் அப்படிச் சட்டம் இருக்கிறதாம். நோயாளி தானாகவே கேட்க வேண்டும், வைத்தியர்கள் பார்த்து ஒத்துக்கொள்ள வேண்டும், அதற்கு ஏகப்பட்ட கட்டுப்பாடு. "இஞ்ச அப்பிடிச் சட்டம் இல்லை. நான் செய்யேலாது," என்றார். ஆனால் செய்யக்கூடியவையும் சில இருக்கின்றன என்றார். வயிற்றுக்குக் குழாய் போட்டுச் சாப்பாடு கொடுக்கலாம். அது வேண்டாம் என்று மச்சான் சொன்னால் யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுபோகலாம். நோவுக்கு ஒரு மருந்து தருவார், கன்னத்துக்குள்ளே சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அதுதான் அந்த ஊசியா என்று நான் ரகசியமாகக் கேட்டேன்.

"இல்லை. இது நோவைக் கொல்லுற மருந்து, ஆளை இல்லை. பயப்படாமல் குடுங்கோ. ஆனா தண்ணியோ பாலோ வாயில ஊத்த வேண்டாம். மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். பஞ்சை நனைச்சு உதட்டில வையுங்கோ."

மச்சானிடம் வந்து சொன்னேன். நாய்க்குக் கிடைத்தது தனக்குக் கிடைக்காது என்று தெரிந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"கொழா வேணாம். வீட்டுக்குப் போவோம். ஆனா பால் ஊத்த விட்றாத. எங்கப்பா போனத நான் பாத்தவன்."

ஆள் முடியப் போகிறது என்றால் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து வாயில் ஒரு கரண்டி பால் ஊற்றுவது எங்கள் வழக்கம். ஊற்றாமல் அனுப்பினால் ஆத்மா அலையும் என்பார்கள். மச்சானின் அப்பாவுக்கு அப்படி ஊற்றியபோது, பால் உள்ளே போகாமல் தொண்டையில் கொதிப்பது போலச் சத்தம் வந்ததாம். மூச்சு முட்டித்தான் போனாராம்.

வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மருந்து பெரும்பாலும் கேட்டது. கேட்காத நேரங்களில் மச்சான் கம்பளியைக் கடித்துக்கொண்டு கிடந்தார். அக்கா பீலியடிக்குப் போய், தண்ணீர் விழும் சத்தத்தில் அழுதுவிட்டு வருவாள்.

சேதி தெரிந்து வெலிமடையிலிருந்து மச்சானின் அக்கா வந்தார். நான் மதினி என்று கூப்பிடுவேன். வந்தவர் கையில் பால் டம்ளரும் கரண்டியும் இருந்தன. அவருக்குப் பின்னால் லயமே நின்றது. டொக்டர் சொன்னதை நான் வாசலில் நின்று சொன்னேன்.

"டாக்டரு நம்ம சனமா? எந்தம்பி பாலில்லாம போகணுமா? தள்ளுடா," என்றார் மதினி.

ஒரு பகிடி விட்டுப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். மச்சானால் பேச முடியவில்லை. கண்கள் மட்டும் என்மேலேயே இருந்தன. வேறு வழி தெரியாமல் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் மல்லாந்து படுத்தேன்.

"மொதல்ல எனக்கு ஊத்துங்க மதினி. அவரு படுத்திருக்க மாதிரியே, தலையத் தூக்காம."

"இழவு வீட்டுலயும் கூத்தாடா ஒனக்கு?" என்று கோபத்தில் கரண்டி நிறைய ஊற்றினார். இருமுவது போல நடிக்கலாம் என்றுதான் படுத்தேன். நடிக்க நேரமே கிடைக்கவில்லை. பால் மூக்கு வழியாக வந்தது. கண் பிதுங்கி, சுவரைப் பிராண்டி எழுந்து உட்கார்ந்தேன். லயமே சிரித்தது. மச்சானும் சிரித்திருக்க வேண்டும். அந்தச் சிரிப்பு அவர் தொண்டையில் சிக்கி, கொரகொரவென்று இழுத்தது. அந்தச் சத்தம் கேட்டதும் எல்லோரும் அடங்கிவிட்டார்கள்.

"எனக்குத் தொண்ட நல்லா இருக்கு மதினி. அவருக்கு வழியே இல்ல," என்றேன்.

மதினி கரண்டியைக் கீழே வைத்தார். நான் பஞ்சைப் பிய்த்துப் பாலில் நனைத்து, நன்றாகப் பிழிந்து கொடுத்தேன். மதினி அதைத் தம்பியின் உதட்டில் ஒற்றினார். பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக வந்து ஒற்றினார்கள். கடைசியில் அக்கா.

மறுநாள், கொழுந்து நிறுக்கும் நேரத்தில் போனார். ஊசி போட்ட மாதிரி இல்லை, நான் பொய் சொல்ல மாட்டேன். மூச்சு நின்றது, திரும்ப வந்தது, மறுபடி நின்றது. முடிந்துவிட்டது என்று அக்கா எழுவதும், இல்லை என்று உட்காருவதுமாக இருந்தாள். நாய் இதைவிடச் சுகமாகப் போனது. ஆனால் மச்சானுக்குத் தொண்டையில் அந்தக் கொதிக்கும் சத்தம் வரவில்லை. அவர் கேட்டதில் பாதியைத்தான் என்னால் வாங்கிக் கொடுக்க முடிந்தது.

முன்பெல்லாம் கல்யாண வீட்டுக்குத்தான் என்னைக் கூப்பிடுவார்கள், சிரிக்க வைக்க. இப்போது யாராவது இழுத்துக்கொண்டு கிடந்தாலும், பஞ்சு எடுத்துக்கொண்டு வா என்று ஆள் அனுப்புகிறார்கள். போகிறேன். நான் கிடக்கும்போது எனக்காக யார் தரையில் படுக்கப்போகிறார்கள் என்று லயத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்து வைக்கிறேன். இன்னும் ஆள் அகப்படவில்லை.