சிவப்பு டேப்புக்குக் கீழே இருந்த பட்டன்

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய போன் இருக்கிறது. திரையின் அடியில், இடது ஓரத்தில், அரிசி மணி அளவுக்குச் சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கும். ஓரம் சுருண்டு, பசையில் தூசி ஏறிக் கறுத்துவிட்டது. ஒட்டியவர் எங்கள் சர்வீஸ் அண்ணன். அவரை வேலையை விட்டு அனுப்பியதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டதும் இதே டேப்தான். சொன்னவர்களுக்கு அது பொய் என்று தெரியும். எனக்கும் தெரியும்.

அப்போது நான் வேலை பார்த்தது கோயம்புத்தூரில் ஒரு சின்ன கம்பெனியில். தோட்டத்து மோட்டாரை வீட்டிலிருந்தே போனில் ஓட்டவும் நிறுத்தவும் ஒரு ஆப் செய்திருந்தோம். பன்னிரண்டு பக்கங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் ஒவ்வொருவர் எழுதியிருந்தார்கள். பட்டனின் நிறம், அளவு, இடம் எல்லாவற்றையும் அந்தந்தப் பக்கத்துக்குள்ளேயே தனித்தனியாக எழுதிவைத்திருந்தார்கள். விளைவு, ‘நிறுத்து’ பட்டன் முகப்பில் சிவப்பு, டைமர் பக்கத்தில் சாம்பல், இரண்டு மோட்டார் பக்கத்தில் நீலம். ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் பன்னிரண்டு இடங்களில் தேட வேண்டும். நாங்கள் தேடுவதில்லை.

சர்வீஸ் அண்ணன் தோட்டம் தோட்டமாகப் போய் மோட்டாருக்குக் கருவி பொருத்திக் கொடுப்பவர். திங்கட்கிழமைதோறும் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராக என் மேசைக்கு வருவார். “ஏனுங்க அம்மணி, உங்க ஊட்டுல லைட்டு சுவிட்ச தெனமும் எடம் மாத்தி வெப்பீங்களா? ஒரு பக்கம் செகப்பு, ஒரு பக்கம் நீலம். தேருக்குத் தோரணம் கட்டுனாப்புல இருக்குதுங்க.” நான் சிரிப்பேன். அவர் சிரிக்க மாட்டார். உச்சி வெயிலில் திரை தெரியாது, எழுத்தைப் படிக்க விவசாயிகளுக்குக் கண்ணாடி வேண்டும், மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரல் சின்ன பட்டனில் நிற்காது என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். ஒருநாள் சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்துப் பல்லால் கடித்துத் துண்டாக்கி நான் சோதனைக்கு வைத்திருந்த என் சொந்தப் பழைய போனில், முகப்பின் ‘நிறுத்து’ பட்டனுக்கு நேர்கீழே ஒட்டினார். “இப்புடித்தானுங்க எல்லாத்துக்கும் ஒட்டிக் குடுத்துட்டு வாரேன். கண்ணுல பாக்க வேண்டாமுங்க, தடவுனாப் போதும்.”

நாங்கள் செய்யாத வேலையை அவர் டேப்பில் செய்துகொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. டீம் லீடரிடம் மூன்று முறை கேட்டு, நான்காவது முறை அனுமதி வாங்கினேன். அதுவும் முதலாளி ஒரு கண்காட்சியில் ஆப்பைக் காட்டப் போகிறார், அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. எல்லாப் பட்டன்களுக்கும் பொதுவாக ஒரே கோப்பு எழுதினேன். நிறுத்து என்றால் இந்தச் சிவப்பு, இந்த அளவு, இந்த இடம். பன்னிரண்டு பக்கங்களும் அதிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். பழையபடி தனியாக எழுதியிருந்த ஒவ்வொரு வரியையும் தேடி அழித்தேன். பதினொரு பக்கங்களில் ‘நிறுத்து’ வலப்பக்கம் இருந்தது, முகப்பில் மட்டும் இடப்பக்கம். எல்லாவற்றையும் வலப்பக்கம் ஆக்கினேன்; முகப்பில் ‘ஓட்டு’ இடப்பக்கம் போனது. எத்தனை பக்கம் என்று எண்ணினேன். விவசாயி தினமும் திறக்கிற பக்கம் எது என்று யோசிக்கவில்லை.

ஆனால் டேப்பை நான் மறக்கவில்லை. வெளியிடுவதற்கு முன் செய்ய வேண்டியவை என்று எட்டு வரியில் ஒரு பட்டியல் எழுதி டீம் லீடருக்கு அனுப்பினேன். ஏழாவது வரி: ‘முகப்பில் பட்டன் இடம் மாறுகிறது. சர்வீஸ் அண்ணனுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும், ஒட்டிய டேப்புகளை எடுக்க வேண்டும்.’ பட்டியல் திரும்பி வந்தபோது ஏழாவது வரியின்மேல் கோடு கிழித்திருந்தது. பக்கத்தில் எழுதியிருந்தார்: ‘இது நம் வேலை இல்லை.’ அவர் அறைக்குப் போய்க் கேட்டேன். “ஊரூராப் போயி டேப்பு உரிச்சிட்டு வர வரைக்கும் கண்காட்சி காத்துட்டிருக்குமா? பட்டன்லதான் எழுதியிருக்குதே, படிச்சிட்டு அமுக்கட்டும்” என்றார். “சரிங்க சார்” என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். சர்வீஸ் அண்ணனின் எண் என் போனிலேயே இருந்தது. நானே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்.

புது ஆப் போன்களில் தானாகவே ஏறியது. நான்காம் நாள், அந்தியூர் பக்கம் ஒரு தோட்டத்தில் கிணற்று மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங் ரப்பர் தேய்ந்துவிட்டதென்று தோட்டத்துக்காரரும் அவர் தம்பியும் மாற்றப் போயிருக்கிறார்கள். மோட்டார் நின்றுதான் இருந்தது. தம்பி கையை வைக்கும் முன், எதற்கும் இன்னொரு தடவை நிறுத்திவிடலாம் என்று தோட்டத்துக்காரர் போனை எடுத்து டேப்பைத் தடவி, அதற்கு நேர்மேலே அமுக்கினார். அங்கே இப்போது ‘ஓட்டு’ இருந்தது. மோட்டார் ஓடியது. தம்பிக்கு வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. சேதி கேட்டு ஓடி, அந்தத் தம்பிக்காக ஆஸ்பத்திரி வாசலில் விடியும்வரை இருந்தவர் சர்வீஸ் அண்ணன். கம்பெனியிலிருந்து வேறு யாரும் போகவில்லை. நானும்தான்.

மறுநாள் முதலாளி அறையில் நான்கு பேர் இருந்தோம். டீம் லீடர் அந்த விவசாயியின் போனைப் படமெடுத்து வைத்திருந்தார். “கம்பெனியக் கேக்காம இத ஒட்டுனது யாரு?”

“நாந்தானுங்க.”

“ஃபியூஸ் கட்டையப் புடுங்கிட்டுத்தான் கை வெக்கோணும்னு அவங்களுக்குச் சொன்னியா?”

“ஒவ்வொருக்காவும் சொல்லியிருக்கறனுங்க. ஆனா பட்டன் எடம் மாறுனது எனக்கே தெரியாதுங்களே. யாருமே சொல்லலீங்களே.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். ஒரே ஒரு முறை. கோடு கிழித்த பட்டியல் என் மடியிலிருந்த லேப்டாப்பில் இருந்தது. திருப்பிக் காட்ட ஒரு நிமிடம் போதும். நான் காட்டவில்லை. டீம் லீடர்மேல் பயம், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை என்றெல்லாம் அப்புறம் எனக்கு நானே காரணம் சொல்லிப் பார்த்தேன். உண்மையான காரணம் வேறு. பட்டனை அங்கே நகர்த்தியது நான். பட்டியல் வெளியே வந்தால் என் பெயரும் வெளியே வரும்.

அன்று மாலையே சர்வீஸ் அண்ணன் கருவிப் பையை ஒப்படைத்துவிட்டுப் போனார். படிக்கட்டில் என்னைப் பார்த்து, “உடுங்க அம்மணி, நீங்க என்ன பண்ணுவீங்க” என்றார். அந்த வார்த்தைக்குப் பதிலாக அவர் என்னை அடித்திருக்கலாம்.

இப்போது எனக்கு வேறு கம்பெனி. போன வாரம் பழைய டீம் லீடர் இணையத்தில் பெருமையாக எழுதியிருந்ததைப் பார்த்தேன்: ‘ஒரே கோப்பு, எல்லாப் பக்கத்துக்கும் ஒரே முகம்.’ கீழே என் கோப்பின் படம். எழுதியவள் பெயரை மட்டும் வெட்டியிருந்தார். ஒரு நொடி என் பெயர் இல்லையே என்றுதான் கோபம் வந்தது. அப்படி வந்ததற்காக என்மேல் அதைவிடப் பெரிய கோபம் வந்தது. பட்டியலைத் தேடி எடுத்து, நடந்ததை எழுதி, முதலாளிக்கு அனுப்பினேன். பதில் இல்லை. வரும் என்றும் நினைக்கவில்லை.

பிறகு சர்வீஸ் அண்ணனைக் கூப்பிட்டேன். கருமத்தம்பட்டியில் தறி ரிப்பேர் பார்க்கிறாராம். பின்னால் தறிச் சத்தம். சொல்லி முடித்தேன். “இப்ப எதுக்குங்க அம்மணி? அந்தப் பையனுக்கு வெரல் மொளைக்குங்களா?” என்றார். முதல்முறையாக அவர் குரலில் கோபம் கேட்டது. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. “மொதலாளிக்குச் சொல்லி என்னத்துக்காகுதுங்க. அந்தத் தோட்டத்துக்காரருக்குச் சொல்லுங்க. சந்தையில பாத்தா மூஞ்சியத் திருப்பிட்டுப் போறாருங்க. நாந்தான் அவரு தம்பி கைய வாங்கிட்டேன்னு நெனைச்சிட்டிருக்கறாரு.”

இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தியூர் போகிறேன். பையில் இரண்டு பொருள்கள் இருக்கும். ஒன்று, ஏழாவது வரியில் கோடு கிழித்த பட்டியலின் நகல். இன்னொன்று இந்த போன். நேற்று சார்ஜ் ஏற்றி ஆப்பைத் திறந்து பார்த்தேன், ‘ஓட்டு’ இன்னும் டேப்புக்கு மேலேதான் இருக்கிறது. தோட்டத்துக்காரரிடம் கட்டைவிரலை இந்த டேப்பின்மேல் வைக்கச் சொல்வேன். மேலே இருக்கும் பட்டனைப் படிக்கச் சொல்வேன். டேப்பை ஒட்டியவர் சரியான இடத்தில்தான் ஒட்டினார், பட்டனை நகர்த்தியவள் நான், தெரிந்தும் சொல்லாமல் இருந்தவளும் நான் என்று சொல்வேன்.