சட்டையில் குத்திய அப்பா பேர்

போன மாசம் ஒரு திங்கட்கிழமை காலை, எங்கள் கம்பெனியில் பாதிப் பேர் அவரவர் அப்பாவாக மாறிவிட்டோம்.

சத்தியமாக வெறும் டீ குடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நடந்தது இதுதான்.

புதிதாக ஒரு பர்சனல் ஆபீசர் வந்திருக்கிறார். நாசிக் பக்கத்து ஆள். நல்ல மனுஷன். எல்லோருக்கும் சட்டையில் குத்திக்கொள்ள பேட்ஜ் கொடுக்க ஆசைப்பட்டார். அதற்கு ஒரு ஃபாரம். அதில் இரண்டு கட்டம் — பேர், சர்நேம். அவர் ஊரில் சர்நேம் சொல்லிக் கூப்பிடுவதுதான் மரியாதையாம். அதனால் பேட்ஜில் அதை மட்டும் கொட்டை எழுத்தில் போடச் சொல்லிவிட்டார்.

நமக்கு ஏது சர்நேம்? இருப்பது ஒரே ஒரு எழுத்து. இனிஷியல். டைம் ஆபீஸ் கிளார்க் அந்த ஒற்றை எழுத்தைப் பிடித்து இழுத்து, முழுசாக்கி, இரண்டாவது கட்டத்தில் உட்கார வைத்துவிட்டார். வேலை முடிந்தது.

பொ. மாணிக்கமாகிய நான் 'பொன்னுசாமி' ஆனேன். அப்பாக்கள் வரிசையாக வந்து மெஷினில் நின்றார்கள்.

அதிலும் எல்லோருக்கும் அப்பா வரவில்லை. கன்னடக்காரர் ராமண்ணாவுக்கு இனிஷியல் என்பது ஊர். அதனால் அவர் 'மாலூர்'. ஆபீசர் ஷெட்டுக்குள் வந்து "மாலூர்... மாலூர்..." என்று கூப்பிட்டால், ஏதோ கண்டக்டர் ஆள் ஏற்றுவது மாதிரியே இருக்கும். வெல்டிங் நாராயணப்பா வீட்டில் தெலுங்கு. அவருக்கு முன்னால் நிற்பது வம்சத்துப் பேர் — குர்ரம். தெலுங்கில் குதிரை! "குர்ரம், இங்கே வா" என்று ஆபீசர் மரியாதையாகக் கூப்பிட, மனுஷன் கனைக்காத குறைதான்.

ஒரே ஷெட். ஒருத்தன் பேருக்கு முன்னால் அப்பா நிற்கிறார், ஒருத்தன் முன்னால் ஊர் நிற்கிறது, ஒருத்தன் முன்னால் குதிரை நிற்கிறது. ஒசூரில் அட்ரஸ் கேட்க வேண்டாம், இனிஷியல் கேட்டால் போதும்... ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன் — இன்றைக்கு ஆபீசர் "பொன்னுசாமி, நீ சோம்பேறி" என்று திட்டினார் என்று. மகனைத் திட்டியது அம்மாவுக்கு ஒரு பொருட்டே இல்லை.

"முப்பது வருசமா நானே வாயால சொன்னதில்ல அந்தப் பேர. நேத்து வந்தவன் சொல்றானா?"

உள்ளே அப்பா இருமினார். சந்தோஷ இருமல்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விஷயம் சேகர்.

எனக்கு அடுத்த லேத்தில் நிற்பவன். ஊத்தங்கரைப் பக்கம். அவன் பேட்ஜில் வந்த பேர் — குப்பன். நான் விடுவேனா? "குப்பண்ணே, டீ சாப்பிடலாமா?", "குப்பண்ணே, ஸ்பேனரைக் கொஞ்சம் தள்ளுங்க" என்று நாள் முழுக்க ஓட்டினேன். மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் மட்டும் சிரிக்கவில்லை. பேட்ஜைக் கையால் மூடி மூடி நின்றான்.

காரணம் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஓட்டினேன், அதுதான் என் புத்தி.

இரண்டு வருஷமாக அவனுக்கும் அவன் அப்பாவுக்கும் பேச்சு இல்லை. பக்கத்துக் கம்பெனியில் பேக்கிங்கில் இருந்த காவேரிப்பட்டினத்துச் செல்வியை, அப்பாவைக் கேட்காமல் கட்டிக்கொண்டான். என் பேரைச் சொல்லிக்கொண்டு இந்த வாசலுக்கு வராதே என்று அவர் சொல்லிவிட்டார். இவனும் போகவில்லை.

அப்போது பையன் பிறந்து இரண்டு மாசம். இன்னும் பேர் வைக்கவில்லை! மாமனார் வந்துதான் வைக்க வேண்டும் என்று செல்வி ஒரே பிடி. சேகர் மூன்று இன்லேண்ட் லெட்டர் எழுதி மூன்றையும் கிழித்துப் போட்டான். அதுவரை அந்தக் குழந்தையின் பேர் 'டேய்'.

பேட்ஜ் வந்து பத்து நாள் இருக்கும். சாப்பாட்டு நேரம். கேட்டில் ஒரு பெரியவர். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் மஞ்சள் பை. வாட்ச்மேன் புது ரிஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டிருந்தார். சேகர் என்று யாரும் இல்லை, உங்க பேர் என்ன என்று கேட்டார்.

"குப்பனுங்க."

"குப்பன் உள்ள லேத்துல இருக்கான். நீங்க யாருன்னு கேட்டேன்."

பெரியவர் கொஞ்சம் யோசித்தார். "நானும் குப்பன்தானுங்க."

ஓடிப்போய் சேகரைக் கூட்டி வந்தேன். இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள். பெரியவர் மகன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. சட்டையைத்தான் பார்த்தார். கிட்டே வந்து பேட்ஜில் விரல் வைத்து, எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு என் பக்கம் திரும்பிப் பேசினார். மகனிடம் பேசக் கூடாதல்லவா? ரோஷம்!

மாங்காய் லோடு ஏற்றி வந்த ஊர்க்காரர் ஒருத்தர், கேட் டீக்கடையில் சேகரைப் பார்த்துவிட்டுப் போய், "உன் பையன் நெஞ்சுல உன் பேரைக் குத்திக்கிட்டுத் திரியறான்" என்று சொன்னாராம். நம்பாமல் பெரியவர் பஸ் ஏறி வந்திருக்கிறார்.

"எனக்கு முன்ன பொறந்தது அஞ்சு, தம்பி. ஒன்னும் தங்கல. நான் பொறந்ததும் குப்பை மேட்டுல போட்டுப் பொரட்டி எடுத்து, இந்தப் பேர வெச்சாங்க. குப்பைதானேன்னு எமன் உட்டுட்டுப் போவட்டும்னு. சந்தையில கூப்ட்டா நாலு பேரு சிரிப்பான். இவனே பள்ளிக்கூடத்துல எங்கப்பா பேரு குப்புசாமின்னு சொல்லிட்டு வந்தவன்தான்."

சேகர் தலை தொங்கிவிட்டது. பெரியவர் குரலைத் தாழ்த்தினார்.

"இவனாத்தான் கேட்டு வாங்கிக் குத்திக்கிட்டானா?"

வாசகர்களே, என் நாக்கு உங்களுக்குத் தெரியும். நுனியில் பதில் ரெடியாக நின்றது — கிளார்க், ஃபாரம், சர்நேம், எல்லாம். சேகர் என்னைப் பார்த்தான். பத்து நாளாக நான் ஓட்டின ஓட்டும் அந்தப் பார்வையில் இருந்தது.

"ஆமா பெரியப்பா," என்றேன். "வேற பேரு போட்ருந்தாங்க. சண்டை போட்டு மாத்தி வாங்கினான்."

பெரியவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். ஏப்ரல் மாச வெயில், வேர்த்திருக்கும். அப்புறம் மஞ்சள் பையை மகனிடம் நீட்டினார். வாங்கும்போது "நைனா" என்றான் சேகர். அது போதுமே?

அடுத்த ஞாயிறு மூக்கண்டப்பள்ளியில் அவர்கள் குடியிருக்கும் லைன் வீட்டில் பேர் வைத்தார்கள். தாத்தா பேரைத்தான் பேரனுக்கு வைப்பார்கள் என்று எல்லோரும் நினைத்தோம். செல்விக்கு உள்ளூர ஒரு கவலை — மாமனார் பேரை வைத்துவிட்டால், பெற்ற பிள்ளையை எப்படிப் பேர் சொல்லிக் கூப்பிடுவது? ஆயுசுக்கும் 'டேய்'தானா?

பெரியவர் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டார்.

"என் பேரு வேணாம். அது பொழைக்கறதுக்கு வெச்ச பேரு. இவன்தான் பொழைச்சிட்டானே."

குனிந்து காதில் மூன்று தரம் சொன்னார். ஆனந்தன். பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்ததாம்.

சே. ஆனந்தன். இனிஷியலில் இப்போது சேகர் வந்து நின்றுவிட்டான். குப்பன் இறங்கிவிட்டார். நம் பக்கத்தில் அப்பாக்களுக்கு ஒரு ஸ்டாப் வரைக்கும்தான் சீட். மகன் பேரோடு வரலாம், பேரன் ஏறியதும் எழுந்துகொள்ள வேண்டியதுதான்.

இதற்கிடையில் ஆபீசருக்கும் புத்தி வந்தது. அசெம்ப்ளியில் "முருகேசன்" என்று கூப்பிட, ஆறு பேர் வந்து நின்றிருக்கிறார்கள். எல்லா பேட்ஜையும் திருப்பிக் கேட்டு வாங்கி, பழையபடி மாணிக்கம், ராமண்ணா என்று புதிது கொடுத்தார்கள். நாராயணப்பா மறுபடி மனுஷன் ஆனார்.

ஒரே ஒரு பேட்ஜ் மட்டும் திரும்பவில்லை. தொலைந்துவிட்டது என்று சேகர் எழுதிக் கொடுத்துவிட்டான். ஊக்கைப் பிடுங்கிவிட்டு, தொட்டில் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறான். குழந்தை அதைப் பார்த்துத்தான் கை காலை உதைக்கிறது.

ஊத்தங்கரைப் பக்கம் சலூனில் இந்தப் பக்கத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டும் அண்ணன்மாரே... வெள்ளை வேட்டி, மஞ்சள் பையோடு ஒரு பெரியவர் உள்ளே வந்தால், தயவுசெய்து ராசிபலனுக்குத் தாவிவிடுங்கள்!